டிசியும் ஓடிபியும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்

நான் 2023-ல் பிளஸ் டூ முடித்தேன். உசிலம்பட்டியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து உள்ளே போகிற ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்த வருடம் மே மாதத்தில் இருந்து அக்டோபர் வரைக்கும் நான் பட்ட பாட்டை இவ்வளவு நாள் கழித்து எழுத ஒரு காரணம் இருக்கிறது. இந்த வருடம் எங்கள் தெருவில் பிளஸ் டூ எழுதுகிற பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம், அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த மாதிரியே, தனியார் காலேஜுக்கு ஆள் சேர்க்கிற ஏஜெண்ட்டுகள் வந்து போக ஆரம்பித்துவிட்டார்கள். மார்க் எடுப்பது எப்படி என்று சொல்ல நான் ஆளில்லை. அதற்கு வாத்தியார்கள் இருக்கிறார்கள். மார்க் எடுத்த பிறகு என்ன நடக்கும் என்று எனக்குச் சொல்லத்தான் அன்றைக்கு ஆளே இல்லை.

எனக்குக் கணக்கில் 82, இயற்பியலில் 76, வேதியியலில் 80. பொறியியல் கட் ஆஃப் என்பது 200-க்குக் கணக்கிடுவது. கணக்கு மார்க்கை அப்படியே எடுத்துக்கொண்டு, இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கிக் கூட்ட வேண்டும். 82, 38, 40, ஆக 160. இந்தக் கூட்டலையே எனக்குப் போட்டுக் காட்டியது ரிசல்ட் வந்த மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த ஏஜெண்ட்தான். "160-க்கு எல்லாம் கவுன்சிலிங்ல ஒண்ணும் கிடைக்காதுத்தா. எங்க காலேஜ்ல சீட்ட பிளாக் பண்ணிருங்க, அப்புறம் நிம்மதியா இருக்கலாம்" என்றார். கையில் வழவழப்பான புத்தகம், அதில் நீச்சல் குளமெல்லாம் இருந்தது. பக்கத்து மாவட்டத்துக் கல்லூரி. என் தாய்மாமா உட்கார்ந்து பேசினார். எங்கள் பக்கம் பிள்ளைகள் விஷயத்தில் மாமா ஒன்று சொன்னால் அப்பா மறுபேச்சு பேசமாட்டார். மாமாவும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பெண்பிள்ளை படிப்பு தடைபடக்கூடாது என்றுதான் ஓடினார். மறுநாளே மூன்று வட்டிக்கு 25,000 ரூபாய் வாங்கிக் கட்டியாயிற்று. டிசி, பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மார்க் ஷீட்டுகள், சாதிச் சான்று என்று எல்லா ஒரிஜினலையும் ஒரு காக்கிக் கவரில் போட்டு வாங்கிக்கொண்டார்கள். ரசீது என்று கொடுத்தது பாதித் தாள். அதில் கல்லூரி முத்திரை இல்லை. ஏஜெண்ட்டின் கையெழுத்தும், "அட்வான்ஸ்" என்ற ஒரு வார்த்தையும்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. சீட் கிடைத்துவிட்டது என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். போகும்போது ஏஜெண்ட் சொன்ன கடைசி வார்த்தையில்தான் வினையே இருந்தது. "கவுன்சிலிங் அப்ளிகேஷனையும் நாங்களே போட்டுர்றோம். நீ ஒண்ணும் அலைய வேணாம்." சீட்தான் பிளாக் ஆகிவிட்டதே, பிறகு எதற்குக் கவுன்சிலிங் அப்ளிகேஷன் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இந்த இடத்தில் அவர்கள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரிந்தால் பாதிப் பேர் தப்பித்துவிடுவீர்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில், அதாவது கல்லூரி நிர்வாகமே நிரப்புகிற இடத்தில், நேரடியாகச் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை கிடையாது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கிடையாது. இரண்டும் அரசு நடத்துகிற ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான். அதனால் ஆள் சேர்க்கிற சிலர் பிள்ளையிடம் அட்வான்ஸும் ஒரிஜினலும் வாங்கி வைத்துக்கொண்டு, கவுன்சிலிங் அப்ளிகேஷனையும் தாங்களே போட்டு, லாகினைத் தங்கள் கையில் வைத்துக்கொள்வார்கள். விருப்பப் பட்டியலில் தங்கள் கல்லூரியை மட்டும் முதலில் போடுவார்கள். ஒதுக்கீடு அங்கேயே விழும். அரசுச் சலுகைப் பணமும் அவர்களுக்கு, அதற்கு மேல் அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று உங்களிடம் வாங்குவதும் அவர்களுக்கு. கவுன்சிலிங்கில் இதைவிட நல்ல கல்லூரி உங்களுக்குக் கிடைத்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

எனக்குத் தெரிந்தது ஜூன் மாதக் கடைசியில். கூடப் படித்த பிள்ளைகள் ரேங்க் லிஸ்ட் வந்துவிட்டது, நீ எத்தனையாவது என்று கேட்டார்கள். எனக்கு என் அப்ளிகேஷன் நம்பரே தெரியாது. ஏஜெண்ட்டுக்கு போன் போட்டால், "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம், நீ ரெஸ்ட் எடு" என்றார். நானே திறந்து பார்க்கலாம் என்று பாஸ்வேர்டை மாற்றப் போனால் ஓடிபி வேறு ஏதோ நம்பருக்குப் போகிறது. பதிவு செய்த செல் நம்பர் அவர்களுடையது. என் பெயர், என் மார்க், என் போட்டோ எல்லாம் உள்ளே இருக்கிறது, சாவி அடுத்தவர் கையில். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் சொன்னால் மாமாவுக்கும் அவருக்கும் சண்டை வரும் என்று சொல்லாமலும் இருந்துவிட்டேன். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, வெள்ளனவே கிளம்பி ஆரப்பாளையம் போகிற பஸ்ஸில் ஏறினேன். மதுரையில் தனியாக இறங்கியது அதுதான் முதல் தடவை.

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் சேவை மையங்கள் உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக் ஆசிரியர்கள். காசு வாங்குவதில்லை. பதிவு செய்யக்கூட அங்கேயே போகலாம், கம்ப்யூட்டர், ஸ்கேனர் எல்லாம் இருக்கும். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்சி, எஸ்டி, அருந்ததியர் பிள்ளைகளுக்கு 250. இதற்கு மேல் யாருக்கும் எதுவும் கொடுக்கத் தேவையில்லை. இந்த ஒரு விஷயம் மே மாதம் எங்கள் வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்தால் ஏஜெண்ட்டுக்குத் திண்ணையில் இடமே கிடைத்திருக்காது.

மையத்தில் இருந்த மேடம் ஹால் டிக்கெட்டையும் ஆதாரையும் பார்த்துவிட்டு என் அப்ளிகேஷனைத் திறந்தார். "ஏம்மா, ஆறாவதுல இருந்து எங்க படிச்ச?" என்று கேட்டார். பத்தாவது வரை எங்கள் ஊர் அரசு கள்ளர் சீரமைப்புப் பள்ளி, அப்புறம் உசிலம்பட்டியில் அரசு மேல்நிலைப் பள்ளி என்றேன். "அப்ப ஏன் 7.5-க்கு இல்லன்னு போட்டிருக்க?" என்றார். நான் எங்கே போட்டேன்? அப்ளிகேஷன் போட்ட ஆளுக்குக் கள்ளர் பள்ளி என்ற பெயரைப் பார்த்ததும் ஏதோ தனியார் பள்ளி என்று தோன்றியதா, வேண்டுமென்றே விட்டார்களா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

மதுரை, தேனி, திண்டுக்கல் பிள்ளைகள் இதைக் கவனமாகப் படியுங்கள். 7.5 சதவீத ஒதுக்கீடு முதலில் 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று மற்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, மாநகராட்சி, நகராட்சிப் பள்ளி எல்லாமே இந்தக் கணக்கில் அரசுப் பள்ளிதான். ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. இந்த ஒதுக்கீட்டில் கவுன்சிலிங் வழியாகப் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டிவிடுகிறது. என் 160-க்குப் பொதுப் பட்டியலில் எங்கோ பின்னால் இருந்தேன். 7.5 பட்டியல் தனி. அதில் என் இடம் வேறு. மேடம் அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபத்தில்தான். நாலு வருடப் படிப்புக் காசு அப்ளிகேஷனில் ஒரே ஒரு கட்டத்தைத் தப்பாகக் குறித்ததால் போக இருந்திருக்கிறது.

நல்லவேளை, தரவரிசைப் பட்டியல் வந்த பிறகு குறை இருந்தால் சொல்வதற்குச் சில நாள் அவகாசம் தருவார்கள். அந்த நாட்களுக்குள் போயிருந்தேன். செல் நம்பரை மாற்ற எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், ஆதாரோடு என்னை நேரில் பார்த்து சென்னைக்குப் பேசி மாற்றிக்கொடுத்தார்கள். 7.5-க்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்ததற்குத் தலைமையாசிரியர்களின் சான்று கேட்டார்கள். பழைய பள்ளிக்கு ஓடினேன். ஹெச்எம் 2016-ம் வருடச் சேர்க்கைப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்தார். என் பெயருக்கு நேரே, பாதுகாவலர் கையெழுத்துப் போடுகிற கட்டத்தில், எங்கள் அப்பத்தாவின் பெருவிரல் ரேகை ஊதா மையில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "வேற என்னத்தா வேணும்" என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அரசுப் பள்ளி ஆசிரியர்களைக் குறை சொல்கிறவர்கள் ரொம்பப் பேர். எனக்கு அந்த ஆறு மாதத்தில் கைகொடுத்தவர்கள் முழுக்க அவர்கள்தான்.

சான்றிதழ் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஜூனில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடுவதால்தான் இ-சேவை மையத்தில் அத்தனை கூட்டம். பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த லீவிலேயே இதைத் தொடங்கிவிடுங்கள். முதல் பட்டதாரிச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் இ-சேவையில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிப்பது. விண்ணப்பித்த பிறகு விஏஓ, வருவாய் ஆய்வாளர் என்று மேலே போகும். எங்கே நிற்கிறது என்று செல்லுக்கு மெசேஜ் வரும், அதனால் இங்கேயும் உங்கள் வீட்டு நம்பரைத்தான் கொடுக்க வேண்டும். சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும், ஆனால் பழைய அட்டையை நம்பி உட்காராமல் டிஜிட்டல் கையெழுத்து உள்ளதை வாங்கிக்கொள்ளுங்கள். வருமானச் சான்று ஒரு வருடம்தான் செல்லும், அதை மட்டும் பன்னிரண்டாவது முடிகிற நேரத்தில் வாங்குங்கள். இருப்பிடச் சான்று வாங்க வேண்டும் என்று சில கடைக்காரர்கள் காசு பிடுங்குவார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல் கவுன்சிலிங்கில் அது தேவையில்லை.

பெயர் இன்னொரு தலைவலி. எங்கள் அப்பாவின் பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் பின்னால் ஒரு வால் கூடுதலாக. முதல் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பித்தபோது இரண்டும் ஒரே ஆளா என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். அப்பாவுக்குக் கூலி போனது, ஆதார் மையத்தில் டோக்கன் போட்டு நின்றது, திரும்ப விண்ணப்பித்தது என்று ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது. உங்கள் பெயருக்கும் பிறந்த தேதிக்கும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்தான் அடிப்படை. பத்தாவதில் பெயர்ப் பட்டியல் எடுக்கும்போது வகுப்பாசிரியர் எழுத்து சரியா, இன்ஷியல் சரியா என்று பார்க்கச் சொல்வார். நாம் எல்லாரும் பார்க்காமல் தலையாட்டுவோம். அப்போது பேனாவால் திருத்திவிடலாம். மார்க் ஷீட் அச்சாகி வந்த பிறகு திருத்த வேண்டுமென்றால் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறை வரை போக வேண்டும், அது லேசில் முடியாது. ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற தம்பி தங்கைகள் இருந்தால் இந்தப் பத்தியை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள்.

முதல் பட்டதாரிச் சலுகை என் தோழிக்குத்தான் உபயோகப்பட்டது. அவள் எட்டாவது வரை உதவி பெறும் பள்ளியில் படித்தவள், அதனால் 7.5 கிடையாது. கவுன்சிலிங்கில் தனியார் கல்லூரி எடுத்தாள், முதல் பட்டதாரி என்பதால் கல்விக் கட்டணத்தில் வருடத்துக்கு 25,000 ரூபாய் குறைந்தது. நாலு வருடத்துக்கு ஒரு லட்சம். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அது கிடைக்கும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் கேட்க முடியாது.

விருப்பப் பட்டியல் நிரப்புவதை நானே செய்தேன். அந்த ஜூலையில்தான் மதுரையில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்திருந்தார்கள். வீட்டில் சிக்னல் கிடைக்காது, நூலகத்தில் குளுகுளுவென்று ஏசி, யாரும் எழுந்து போ என்று சொல்லமாட்டார்கள். ஒரு நோட்டுப் போட்டு, போன வருடக் கட் ஆஃப் விவரங்களைப் பார்த்து எழுதினேன். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. வரிசைதான் முக்கியம். கிடைக்குமா கிடைக்காதா என்று யோசித்து வரிசை போடாதீர்கள். எது கிடைத்தால் ரொம்பச் சந்தோஷமோ அதுவே ஒன்று. தியாகராசர் பொறியியல் கல்லூரி எட்டாது என்று தெரிந்தும் முதலில் அதைத்தான் போட்டேன், அதனால் ஒன்றும் குறைந்துபோகாது, கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் அடுத்ததைப் பார்க்கும். கீழே போகப் போக, கட்டாயம் கிடைக்கும் என்று தோன்றுகிற கல்லூரிகளையும் நிறையப் போட்டுவையுங்கள். பத்தே பத்து கல்லூரி போட்டு எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்பட்டவர்களை எனக்குத் தெரியும். கல்லூரியின் புத்தகத்தில் இருக்கிற நீச்சல் குளத்தைப் பார்க்காதீர்கள். நீங்கள் எடுக்கப்போகும் பாடப்பிரிவுக்கு என்பிஏ என்கிற தர அங்கீகாரம் இருக்கிறதா, அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிற தேர்ச்சி விகிதத்தில் அந்தக் கல்லூரி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

ஒதுக்கீடு வந்த பிறகு அதை உறுதிசெய்ய வேண்டும், அதற்கு அவகாசம் ரொம்பக் குறைவு. சும்மா இருந்தால் சீட் போய்விடும். ஏற்றுக்கொண்டு சேர்கிறேன் என்று சொல்லலாம். ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மேலே நான் போட்டிருந்த கல்லூரியில் இடம் காலியானால் அதையும் தாருங்கள் என்று சொல்லலாம். வேண்டாம், மேலே உள்ளது கிடைத்தால் மட்டும் பார்க்கலாம் என்றும் சொல்லலாம். வேண்டாம், அடுத்த சுற்றுக்கு வருகிறேன் என்பது ஒன்று. மொத்தமாகவே விலகிக்கொள்வது கடைசி. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் என் வகுப்புப் பையன் ஒருவன் கையில் இருந்த சீட்டை விட்டுவிட்டான். பதற்றத்தில் எல்லா வரியும் ஒரே மாதிரிதான் தெரியும், அதனால் முன்கூட்டியே படித்துவைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மதுரையிலேயே ஒரு நல்ல கல்லூரியில் இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) விழுந்தது. வீட்டில் எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "சரி, டிசிய வாங்கணும்ல?" என்றார்.

அதுதான் பெரிய பாடு. கல்லூரியில் சேரக் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஒரிஜினலோடு போய் நிற்க வேண்டும். ஒரிஜினல் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. அம்மாவும் நானும் போனோம். ஆபீஸ் அறையில் இரும்பு பீரோ. திறந்தால் காக்கிக் கவர்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தார்கள், ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு ஸ்கெட்ச்சில் பெயர். என் கவரை என் கண்ணாலேயே பார்த்தேன், எட்டி எடுக்கிற தூரம். "முதல் வருஷப் பீஸ முழுசா கட்டிட்டு வாங்கிக்கங்க" என்றார் அங்கிருந்தவர். அட்வான்ஸ் திரும்பி வராது என்பதையும் சேர்த்துச் சொன்னார். அம்மா கையைக் கூப்பிக் கெஞ்சினாள். சாயங்காலம் வரைக்கும் வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு, பிரின்ஸ்பால் ஊரில் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா கெஞ்சியதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் போனில் தேடித் தேடிப் படித்தேன். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே அறிவிக்கை போட்டிருக்கிறது. பொறியியல் மாதிரி தொழில்நுட்பக் கல்லூரிகளை மேற்பார்க்கிற ஏஐசிடிஇயின் விதியும் அதையேதான் சொல்கிறது. வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் விலகினால் பரிசீலனைக் கட்டணமாக 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். மறுநாள் உசிலம்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். பெரிதாக ஒன்றுமில்லை. இன்ன தேதியில் இவ்வளவு பணம் கட்டினோம், இன்னின்ன ஒரிஜினல் கொடுத்தோம், அரசுக் கவுன்சிலிங்கில் எனக்கு வேறு கல்லூரி ஒதுக்கியிருக்கிறார்கள், ஒதுக்கீட்டு ஆணை நகல் இணைத்திருக்கிறேன், யுஜிசி, ஏஐசிடிஇ விதிப்படி சான்றிதழையும் பணத்தையும் திருப்பித் தாருங்கள், இன்ன தேதிக்குள் சேராவிட்டால் என் சீட் போய்விடும். கடைசியில் "நகல்: ஏஐசிடிஇ, புது தில்லி, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், கிண்டி, சென்னை" என்று இரண்டு வரி. பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன், மெயிலிலும் அனுப்பினேன், நகலையும் உண்மையாகவே அந்தந்த இடங்களுக்கு அனுப்பினேன். அந்த இரண்டு வரி செய்த வேலையைக் கெஞ்சல் செய்யவில்லை. அந்த வாரமே போன் வந்தது, "வந்து வாங்கிக்கங்க" என்று. சேர வேண்டிய கெடு முடிவதற்குள் டிசி கையில் கிடைத்துவிட்டது.

பணம் அப்படி வரவில்லை. பாதித் தாள் ரசீதைக் காட்டி, இது எங்கள் ரசீதே இல்லை என்று ஆரம்பத்தில் சாதித்தார்கள். நல்லவேளை, அட்வான்ஸில் பெரும்பகுதியை மாமா ஜிபேயில் அனுப்பியிருந்தார், அந்தத் தடம் இருந்தது. ஏஐசிடிஇ தளத்தில் புகாரும் போட்டேன். அக்டோபரில் 20,000 திரும்பி வந்தது. மிச்சம் 5,000 ரூபாயை "புராசஸிங்" என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் இழுக்க எங்களுக்குத் தெம்பில்லை. மூன்று வட்டிக்கு மாதம் 750, ஐந்து மாதத்துக்கு 3,750. ஆக 8,750 ரூபாய் கண்ணுக்குத் தெரிந்து போனது. பஸ் செலவு, அப்பா அம்மா வேலைக்குப் போகாத நாட்களின் கூலி எல்லாம் இதில் சேர்க்கவில்லை. எங்கள் அம்மா அதிகாலையில் மல்லிகை பறிக்கப் போகிறவள், ஒரு நாள் போகாவிட்டால் அந்த வாரக் கணக்கே மாறும். ஆகவே யாராக இருந்தாலும் பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். கல்லூரியின் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்புங்கள், அல்லது முத்திரை போட்ட ரசீது கையில் வந்த பிறகு நோட்டை எண்ணுங்கள். ஒரிஜினலை எங்கே கொடுக்க நேர்ந்தாலும் என்னென்ன கொடுத்தோம் என்று ஒரு தாளில் எழுதி, வாங்கிக்கொண்டவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து உங்கள் மெயிலுக்கு நீங்களே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

பொறியியலை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு 50 ரூபாயில் விண்ணப்பம் முடிந்துவிடும், அது பொறியியலுக்கு முன்னாலேயே முடிந்தும் விடும். மதுரையில் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. அமெரிக்கன், லேடி டோக், பாத்திமா மாதிரி கல்லூரிகளுக்குத் தனித்தனியாகப் போட வேண்டும், ரிசல்ட் வந்த சில நாட்களிலேயே வேகமாக நகரும். ஒன்றில் இடம் கையில் இருந்தால் ஏஜெண்ட் வந்து "ஒண்ணும் கிடைக்காது" என்று சொல்லும்போது பயம் வராது. எங்கள் வீட்டில் அன்றைக்கு 25,000 ரூபாய் அந்தப் பயத்துக்காகத்தான் போனது.

கடைசியாக வங்கிக் கணக்கு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, 2022-ல் தொடங்கியது. பையன்களுக்கு 2024-ல் இருந்து தமிழ்ப் புதல்வன். கல்லூரியில் சேர்ந்த பிறகு அங்கே இதற்கென்று இருக்கிற ஆசிரியரிடம் போய்ப் பதிய வேண்டும். நானும் பதிந்தேன். கூட இருந்த எல்லாருக்கும் பணம் வருகிறது, எனக்கு மட்டும் வரவில்லை. விசாரித்தால், பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது, நான் ஆறாவது படிக்கும்போது உதவித்தொகைக்காகப் பள்ளியில் தொடங்கிக் கொடுத்த பழைய கணக்குக்கு. ஆதார் அதோடுதான் இணைந்திருந்தது, அரசுப் பணம் ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் போகும், நாம் படிவத்தில் எழுதிக் கொடுத்த நம்பருக்குப் போகாது. அந்தப் பாஸ்புக் எங்கே என்றே யாருக்கும் தெரியவில்லை. கணக்கும் பல வருடம் தொடாததால் முடங்கிக் கிடந்தது. கேஒய்சி என்கிற அடையாள ஆவணங்களைக் கொடுத்து அதைத் திறந்து பணத்தை எடுக்க ஒரு செமஸ்டரே ஓடிவிட்டது. மைஆதார் தளத்தில் போய்ப் பார்த்தால் உங்கள் ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும், அதற்கும் ஆதாரில் உங்கள் செல் நம்பர் இருக்க வேண்டும். பழைய கணக்காக இருந்தால் இந்த லீவிலேயே வங்கிக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள். பதினெட்டு முடியாதவர்கள் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போங்கள், காலையில் கூட்டம் சேர்வதற்கு முன்னால் போய்விடுங்கள்.